மருமகளுக்கு ஒரு தள்ளுவண்டி

ஆடி மாதம் பாளையங்கோட்டையில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் முறைக்கு வெள்ளிக் கொலுசும் அரைஞாணும் என் பொறுப்பு என்று கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தேன். தங்கையோ, "கொலுசு எப்போது வேண்டுமானாலும் போடலாம் அண்ணே, எனக்கு ஒரு ஸ்ட்ரோலர் வாங்கித் தா" என்றாள். முற்றத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சிக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. "பிள்ளையை வைத்துத் தள்ளுகிற வண்டி ஆச்சி, தள்ளுவண்டி" என்றேன். "தள்ளுவண்டியா? ஏன், உன் தங்கை கிழங்கு வியாபாரம் தொடங்கப் போகிறாளா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி உரலுக்குத் திரும்பிவிட்டாள்.

ஒரு மாதம் சுற்றினேன். வண்ணார்பேட்டையில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் முதல் கேள்வி "எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள்?" என்பதுதான். எந்தத் தெருவில் தள்ளப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைத் தரை டைல்ஸ். டைல்ஸில் எந்த வண்டியும் வெண்ணெய்போல ஓடும். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வண்டிக்கும் முப்பதாயிரம் ரூபாய் வண்டிக்கும் அங்கே வேறுபாடு தெரியாது. அதனால் கடைக்குப் போகும் முன் வீதியைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நண்பர் வீட்டுப் பரணில் கிடந்த வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஐந்து கிலோ அரிசிப் பையை அதில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து பாளை மார்க்கெட்டை நோக்கித் தள்ளினேன். முதலில் வாசற்படி மூன்று. அதைத் தாண்டியதும் சாக்கடையை மூடிய சிமெண்ட் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. முன்சக்கரம் சரியாக அந்த இடத்தில் திரும்பி இடைவெளியில் இறங்கி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. வண்டி முன்பக்கம் குனிய, அரிசிப் பை பெல்ட்டில் தொங்கியது. அரிசிதானே என்று சிரிக்க முடிந்தாலும் கை சிறிது நேரம் நடுங்கியது. அப்புறம் கேபிளுக்குத் தோண்டி ஜல்லி போட்டு மூடிய பள்ளம், வேகத்தடை, வாசல்தோறும் நிறுத்திய இருசக்கர வண்டிகள், நடுவீதியில் அசைபோடும் மாடு. பத்து நிமிட நடைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதில் பாதித் தூரம் வண்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த ஒரு நடையில் இரண்டு விஷயம் உறுதியாயிற்று. ஒன்று, சக்கரத்தின் அளவு. சக்கரம் சிறுத்தால் சின்னக் குழியும் அதற்குப் பெரிய பள்ளம். ஐந்து அங்குலச் சக்கரம் நம் தெருக்களுக்கு ஆகாது. ஆறரை, ஏழு அங்குலமாவது வேண்டும், முன்சக்கரம் திரும்பாமல் பூட்டிவைக்கும் வசதியும் வேண்டும். இரண்டாவது, எடை. ஓடும்போது எவ்வளவு லேசாக ஓடுகிறது என்பதைவிட, ஓடாதபோது ஒரு கையால் தூக்க முடிகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. பெட்டியை மாட்டி எடை பார்க்கும் சிறிய கைத்தராசு ஒன்றும் டேப்பும் அதன்பின் என் பையிலேயே இருந்தன.

இன்னொரு கணக்கு பிள்ளையின் வயது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. மூன்று, நான்கு மாதத்தில் தலை நிற்கும். பிடிமானம் இல்லாமல் உட்கார ஆறு மாதம்போல ஆகும். அதற்கு முன் சாய்ந்த இருக்கையில் அரைகுறையாக உட்காரவைத்தால் தலை முன்னால் தொங்கி, மோவாய் நெஞ்சில் அழுந்தி, மூச்சுப்பாதை மடங்கிவிடக்கூடும். கைக்குழந்தைகள் வழக்கமாக உறங்குவதற்கு இத்தகைய இருக்கைகள் உகந்தவை அல்ல என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியும் சொல்கிறது. நம் ஊரில் தடுப்பூசிப் பயணங்கள் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் வருகின்றன. அதாவது தாயும் பிள்ளையும் வீட்டைவிட்டுக் கட்டாயம் இறங்க வேண்டிய முதல் மூன்று தடவையும், பெரும்பாலான வண்டிகளில் பிள்ளையை வைக்கக் கூடாத வயதில்தான். "பிறந்த நாள் முதல்" என்று அட்டையில் அச்சிட்ட வண்டிகளைக் கடையில் சாய்த்துப் பார்த்தேன். பல வண்டிகள் பாதி சாய்ந்ததோடு சரி. பாயில் கிடப்பதுபோல மட்டமாகப் படுத்தால்தான் அந்த வாசகத்தை நம்பலாம்.

அப்படி மட்டமாகப் படுக்கவைப்பது பெரிய பிராம் வகை. தொட்டில்போல ஒரு கூடை, பெரிய சக்கரங்கள், பிள்ளையின் முகம் தள்ளுகிறவரைப் பார்த்தபடி. பிள்ளைக்கு இதைவிடச் சொகுசு கிடையாது. குழந்தை வண்டியின் பூர்வீகமே சொகுசுதான்: 1733-ல் வில்லியம் கென்ட் என்ற தோட்டக் கலைஞர் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் செய்த வண்டியை ஆடோ மட்டக்குதிரையோ இழுத்தது. இன்றைய பிராமுக்கு ஆடு நாம்தான். என் தராசில் ஒன்று பதினொரு கிலோ, இன்னொன்று பதின்மூன்றரை. மாடிப்படி உள்ள வீட்டிலும், பஸ்ஸை நம்பிய வாழ்க்கையிலும் அதற்கு இடமில்லை. கே.டி.சி. நகர்ப் பக்கம் அகலமான தெருவில் தரைத்தள வீடு, வாசலில் சரிவு, வீட்டில் கார் என்று இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். அவர்களுக்கும் பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் கூடை பரணுக்குப் போய்விடும்.

அடுத்தது குடை வகை. மடக்கினால் நீளக் குடைபோல ஒடுங்கும். எடை நான்கிலிருந்து ஆறு கிலோ. மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். இதைச் செய்தவர் ஓவன் மக்லாரன் என்ற விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குச் சக்கரக் கால் வடிவமைத்தவர். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த மகள் கனத்த வண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, 1965-ல் அலுமினியக் குழாய்களை வைத்து மடங்கும் வண்டியைச் செய்தார். விமானத்தின் கால் வயிற்றுக்குள் மடங்குவதுபோல இதுவும் மடங்கும். யோசனை அருமையானதுதான், ஆனால் நம் ஊருக்கு வரும்போது அதற்கு இரண்டு குறை. சக்கரங்கள் மிகச் சிறியவை. நான் அரிசிப் பையோடு அவமானப்பட்டது இந்த வகையில்தான். பிடியும் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு கையில் குடை பிடித்து மறு கையால் தள்ளப் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நெல்லை வெயிலில் ஒரு கை குடைக்கு உரியது.

கீலைப் பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2009-ல் அமெரிக்காவில் அதே மக்லாரன் பெயர் தாங்கிய வண்டிகள் சுமார் பத்து லட்சம் திரும்பப் பெறப்பட்டன. விரிக்கும்போது கீலுக்குள் விரல் வைத்த பன்னிரண்டு குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டாகியிருந்தது. எந்த வகை, எந்த விலையானாலும் கீல் மூடியிருக்கிறதா என்று உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். மடக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளை எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

காற்றடைத்த மூன்று சக்கர வண்டியைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசவில்லை. வீதியை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் முதலிடம் இதற்குத்தான். சைக்கிள் டயர்போல அகன்ற சக்கரம், ஜல்லி, மணல், பலகை இடைவெளி எதையும் பொருட்படுத்தாது. பஞ்சரானால் சைக்கிள் கடையில் ஒட்டிக்கொள்ளலாம். குறுக்குத்துறை ஆற்றங்கரை வரை தள்ளிக்கொண்டு போகலாம். படித்துறையில் இறங்குவது வேறு கதை. ஆனால் பதினொன்று, பன்னிரண்டு கிலோ எடை, ஆட்டோவின் பின்னால் திணிக்க முடியாத அகலம், பதினைந்தாயிரத்துக்கு மேல் விலை. காலை ஆறு மணிக்கு வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கும் பழக்கம் உள்ள தகப்பன் ஒருவருக்கு இதைச் சொல்வேன். என் தங்கை கணவருக்கு அந்தப் பழக்கம் வர வாய்ப்பில்லை.

கார் இருக்கையும் வண்டியும் சேர்ந்த இரட்டைத் தொகுப்பு கார் உள்ளவர்களுக்கு மட்டும். கார் இருந்தால் வண்டியை விட்டுவிட்டு இருக்கையையாவது வாங்குங்கள். நெல்லையிலிருந்து குற்றாலம் அறுபது கிலோமீட்டர், திருச்செந்தூரும் ஏறக்குறைய அவ்வளவே. அந்தத் தூரம் முழுக்கப் பிள்ளையை முன்சீட்டு மடியில் வைத்துக்கொண்டு போகிற குடும்பங்களைத் தினமும் பார்க்கிறேன். பிரேக் அடிக்கும்போது மடி எதையும் தாங்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ தகுந்த இருக்கையோ வேண்டும் என்கிறது. கைக்குழந்தையின் இருக்கை பின்சீட்டில், பிள்ளையின் முகம் காரின் பின்புறத்தைப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

ஆனால் நெல்லையில் குழந்தை வண்டிக்கு உண்மையான போட்டி ஸ்கூட்டர்தான். மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் நாம் நடப்பதே இல்லை. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, நடுவில் பிள்ளை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றினால் ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட், வேகம் நாற்பதுக்குள் என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது; அந்தப் பட்டையை நம் ஊர்த் தெருவில் இதுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். நான் சொல்ல வருவது, வண்டி வாங்கினாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ ரயிலிலோதான் போகும். கொக்கிரகுளத்து அறிவியல் மையத்துக்கு வண்டியோடு போக வேண்டுமானால் பிள்ளையும் தாயும் ஆட்டோவில், மடக்கிய வண்டி என் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில். குடை வகை மடக்கியும் ஒரு மீட்டர் நீளம். இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் சின்னப் பெட்டியாக மடங்கும் வகை முன்னால் வந்தது. விமானத்தில் இருக்கைக்கு மேலே வைப்பதற்காக உருவான வகை இது; யோயோ என்ற பிரெஞ்சு வண்டி பிரபலமாக்கியது. இப்போது நம் நாட்டு நிறுவனங்களும் ஏழாயிரம், எட்டாயிரத்திலிருந்து விற்கின்றன. நெல்லையில் விமான நிலையம் இல்லை. தூத்துக்குடி வாகைக்குளத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும். இருந்தாலும் விமானத்துக்குப் பொருந்துகிற அளவு ஸ்கூட்டருக்கும் பொருந்துகிறது, செங்கோட்டை ரயிலின் இருக்கைக்கு அடியிலும் பொருந்துகிறது. எடை ஆறிலிருந்து ஏழரை கிலோ. பிடி ஒரே கம்பி. ஒரு கையால் தள்ளலாம்.

ஒரு கையால் மடக்கலாம் என்பது விளம்பரம். அதைச் சோதிக்க அரிசிப் பையோடு ஒரு கடைக்குப் போனேன். பையை இடது தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் மடக்கப் பார்த்தேன். முதல் வண்டியில் பொத்தானை அழுத்தினால் கைப்பிடி இறங்கவில்லை. முழங்காலால் முட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது மடங்கியது, ஆனால் திறந்துகொண்டே வந்தது. கொக்கி மாட்ட இன்னொரு கை தேவை. மூன்றாவது ஒரே இழுப்பில் மடங்கித் தானாகவே நின்றது. விற்பனைப் பெண் அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவர், "எங்களுக்கே இது தெரியாது சார்" என்றார். நீங்கள் வாங்கும் நாளிலும் அரிசிப் பை கொண்டுபோங்கள். வெட்கம் ஐந்து நிமிடம், வண்டி இரண்டு வருடம்.

இந்த வகையிலும் குறை உண்டு. சக்கரம் நடுத்தரம்தான், ஜல்லியில் திணறும். கூரை பெயருக்கு இருக்கும். சாமான் கூடை தக்காளி ஒரு கிலோவுக்கு மேல் தாங்காது. கூடை போதவில்லை என்று கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். பிள்ளையைத் தூக்கிய மறுநொடி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். பிரேக்கை ஒரு முறை மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் பூட்ட வேண்டும். பெல்ட் தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று என ஐந்து முனையாக இருக்கட்டும். இருக்கைத் துணி கழற்றித் துவைக்க வருமா என்றும் பாருங்கள். வராவிட்டால் ஐப்பசி மழையில் நனைந்த பஞ்சு கார்த்திகை வரை நாறும்.

வெயில் தனிச் சங்கதி. சித்திரை, வைகாசியில் பாளையில் நாற்பது டிகிரியைத் தொடுகிற பகல்கள் உண்டு. வண்டியில் கிடக்கும் பிள்ளை தார்ச்சாலைக்கு நம்மைவிடப் பக்கத்தில் இருக்கிறது. கூரை போதாதென்று பலர் மெல்லிய துண்டை மேலே போர்த்திவிடுகிறார்கள், தொட்டில் பழக்கம். சுவீடனில் ஒரு நாளிதழ் 2014-ல் சோதித்துப் பார்த்தது: போர்த்தாத வண்டிக்குள் 22 டிகிரி, மெல்லிய துணி போர்த்திய அரை மணியில் 34, ஒரு மணியில் 37. அது சுவீடன் வெயில். நம் வெயிலில் துண்டு போர்த்திய வண்டி அடுப்பில் ஏற்றிய இட்லிப்பானை. காலை எட்டரைக்குள், மாலை ஐந்துக்கு மேல், முதுகுப்புறம் வலைத்துணி உள்ள இருக்கை. கறுப்புத் துணி வேண்டாம்.

பிள்ளையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பையைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. ஆயிரத்து ஐந்நூறிலிருந்து கிடைக்கிறது. மூன்று விதி: முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சி முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும், மோவாய் நெஞ்சில் படக் கூடாது. கால்கள் நேராகத் தொங்காமல், முழங்கால் உயர்ந்து, தவளைபோல விரிந்திருக்க வேண்டும். இடுப்பு மூட்டு நன்றாக வளர அதுவே ஏற்ற நிலை என்று எலும்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதை ஆச்சியிடம் படம் காட்டி விளக்கினேன். பிள்ளையை வாங்கி ஒக்கலில் வைத்துக்காட்டினாள். அதே தவளைக் கால். கழுத்து நின்ற பிறகு ஒக்கல் போதும். அதற்கு முன்னால், பஸ் ஏறும்போதும் ஈரடுக்குப் பாலத்து இறக்கத்திலும் இரண்டு கையும் சும்மா வேண்டும் என்கிற தாய்க்குத் துணிப்பைதான். வியர்க்கும், பருத்தியில் வாங்கினால் கொஞ்சம் குறையும். அதை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கக் கூடாது, ஸ்கூட்டரிலும் ஏறக் கூடாது.

பழைய வண்டி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். நம் ஊரில் பாதி வண்டிகள் நாலு முறை வெளியே போய்விட்டுப் பரணில் ஏறியவைதான். கீல், பிரேக், பெல்ட் மூன்றும் சரியாக இருந்து, சக்கரம் ஆடாமல் இருந்தால் பாதி விலை கொடுக்கலாம். சக்கரம் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மண் ஒட்டி இன்னும் இறுகும். கார் இருக்கையை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். விபத்தில் ஒரு முறை அடிபட்டதா என்று வெளியே பார்த்துத் தெரியாது.

என் தங்கைக்கு என்ன செய்தோம் என்றால், ஆவணியில் துணிப்பை வாங்கிக் கொடுத்தேன். மூன்று தடுப்பூசியும் அதிலேயே போய் வந்தாள். வண்டியை அப்போது வாங்கவில்லை. ஐந்தாம் மாதம் அம்பாசமுத்திரத்தில் மாமியார் வீட்டுக்குப் போனதும் அந்தத் தெருவை ஒரு முறை நடந்து பார்த்தேன். எங்கள் தெருவைவிட அகலம், சிமெண்ட் தளம், வாசலில் படி ஒன்றுதான். பெட்டி வகைக்குப் போதும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, அந்த மூன்றாவது வண்டியையே வாங்கினேன். எடை ஆறு கிலோ எண்ணூறு, விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். கொலுசும் வாங்கினேன், அதில் விட்டுக்கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை.

பொங்கல்படி கொண்டுபோகும்போதே வண்டியையும் கொண்டுபோனேன். செங்கோட்டை ரயிலில் ஒரு கையில் வண்டி, தோளில் பை, மறு கையில் சிறுகிழங்கும் மஞ்சள்குலையும். இருக்கைக்கு அடியில் வண்டி போயிற்று. அம்பாசமுத்திரத்தில் இறங்கியதும் கை வலித்தது. வண்டியை விரித்து, சிறுகிழங்குப் பையை இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு, மஞ்சள்குலையைக் கூரைக்கடியில் செருகித் தள்ளிக்கொண்டு நடந்தேன். தங்கை வீட்டுத் தெருமுனையில் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னை நிறுத்தினார்.

"தம்பி, கிழங்கு கிலோ என்ன விலை?"